'டாட்' என்ற பெயருக்குள் ஒரு நரி



'டாட்' என்ற ஆங்கிலக் குடும்பப்பெயருக்குப் பொருள் என்னன்னு கேட்டால், சிலர் உடனே 'மரணம்' என்று சொல்லிவிடுவார்கள். ஜெர்மன் மொழியில் ஏறக்குறைய இதே எழுத்துகளைக் கொண்ட சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால், இந்தப் பெயரின் வேர் அங்கே இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில், குறிப்பாக வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், 'டாட்' என்றால் நரி!

நரி எப்படி மனிதர் பெயரானது? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில்தான் அங்கே குடும்பப்பெயர்கள் நிலைபெற்றன. ஒரே ஊரில் பல ஜான், பல வில்லியம். வரியும் நிலமும் பதிவு செய்யும் எழுத்தருக்கு யார் எவர்னு தெரியணும் இல்லையா? அதனால் நான்கு வழிகளில் அடையாளம் சேர்ந்தது: வாழிடம் (ஹில்), தொழில் (ஸ்மித், அதாவது கொல்லர்), தந்தை பெயர் (ஜான்சன்), பட்டப்பெயர். 'டாட்' நான்காம் வகை.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. நரி என்றதும் நமக்குக் கதைகளில் வரும் தந்திரம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்து நரியோ செந்நிறம். ஆகவே தந்திரக்காரருக்கு மட்டுமல்ல, செம்பட்டை முடிக்காரருக்கும் இந்தப் பட்டம் பொருந்தும். காரணம் ஒன்றுதான் என்று தேர்வில் எழுதிடாதீங்க.

பிறகு, பொதுப் பேச்சில் 'ஃபாக்ஸ்' என்ற சொல்லே நிலைத்தது. 'டாட்' வட்டார வழக்காகச் சுருங்கியது. ஆனாலும் பெயர்களில் அது வாழ்கிறது. கணித அறிஞர் ஐசக் டாட்ஹன்டரின் (1820–1884) குடும்பப்பெயருக்கு 'நரி வேட்டைக்காரர்' என்று பொருள். இது தொழில்வழிப் பெயர். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1912-இல் வெளியிட்ட சிறுவர் கதையில் வரும் நரியின் பெயரும் மிஸ்டர் டாட்தான். 1957-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அலெக்சாண்டர் டாட். பிறந்த ஊர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ.

ஆக, ஒரு பெயரை ஆராயும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த மொழி? எந்தக் காலம்? எந்த வட்டாரம்? ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

இன்னொன்று. இந்தப் பட்டத்தை முதலில் சுமந்தவர் அதைத் தானே தேர்ந்தெடுக்கவில்லை, அக்கம்பக்கத்தார் வைத்தது. அவர் முடியின் நிறமும் குணமும் அவரோடு போய்விட்டன. பெயர் மட்டும் பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது. வகுப்பில் ஒருவருக்கு விளையாட்டாகப் பட்டப்பெயர் வைக்குமுன் இதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.