மரவட்டையின் விலாசம்

1902-ஆம் ஆண்டு ரெஜினால்ட் இன்ஸ் போகாக் ஒரு பூரானுக்குப் பெயர் சூட்டினார். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் தேள், சிலந்தி, பூரான், மரவட்டை ஆகியவற்றைக் கவனித்துவந்தவர் அவர். அந்தப் பூரான் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவிலிருந்து வந்தது. கால்களை எண்ணினால் 15 இணை. முதுகில் உள்ள தட்டுகளை எண்ணினால் 21. பூரான்களில் ஒரு கூட்டத்துக்கு 15 இணைக் கால்கள் உண்டு. நம் வீட்டு மூலையில் ஓடும் பெரிய பூரானின் கூட்டத்துக்குப் பெரும்பாலும் 21 இணை. டாஸ்மேனியப் பூரான் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றது. க்ராட்டரோஸ்டிக்மஸ் டாஸ்மேனியானஸ் என்று போகாக் அதற்குப் பெயர் வைத்தார்.

குட்டி பொரிந்து வரும்போது அதற்கு 12 இணைக் கால்களே இருக்கும். அடுத்த முறை தோலுரித்ததும் 15 ஆகிவிடும். முட்டைகளைத் தாய் சுற்றிப் படுத்துக் காக்கும். 15 கால் இணைக் கூட்டத்தில் அந்தப் பழக்கம் இல்லை. 21 இணைக் கூட்டத்தில் உண்டு. இப்படி இரு வம்சங்களின் குணத்தையும் சுமந்த ஓர் உயிர் உலகின் தென்கோடியில் குளிர்ந்த மழைக்காட்டுச் சருகுக்குள் கிடந்தது. அது எந்த மலையடிவாரத்தில், எந்த ஓடைக்கரையில், எவ்வளவு தூரம் பரவி வாழ்கிறது என்பது தெரியவர இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மழைக்காடு என்றதும் வெப்பமண்டலக் காடுகளே கண்முன் வரும். குளிர்நாடுகளிலும் மழைக்காடுகள் உண்டு. தென் சிலி, நியூசிலாந்து, வட அமெரிக்காவின் மேற்குக் கரை, டாஸ்மேனியா ஆகியவை அவற்றுக்குப் பேர்போனவை. டாஸ்மேனியாவின் மேற்கு மலைகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மிர்ட்டில் பீச், சசாஃப்ராஸ், ஹுவான் பைன் மரங்கள் அடர்ந்து நிற்க, அடியில் மரப்பெரணிகளும் பாசியும் மூடிக் கிடக்கும். விழுந்த மரம் குளிரில் மெல்ல மெல்லத்தான் மக்கும். ஒரு பெரிய கட்டை மண்ணாகிப் போகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதுவரை அது ஈரம் குறையாத வீடு.

அந்த வீட்டின் குடிகளே மரவட்டையும் பூரானும், அவற்றின் மிகச்சிறிய உறவினர்களான சிம்பைலாக்களும் பாரோபோடுகளும். இந்த நான்கையும் சேர்த்துப் பலகாலிகள் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சிகளைப்போல ஈரம் வெளியேறாமல் தடுக்கும் நல்ல மெழுகுப் பூச்சு இல்லை. வறண்ட காற்றில் விட்டால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். இறக்கை கிடையாது, தொலைதூரப் பயணமும் கிடையாது. ஆகவே ஒரு காட்டில் குடியேறிய வம்சம் அங்கேயே தங்கிவிடுகிறது. நடுவில் ஒரு வறண்ட சமவெளி வந்துவிட்டால் இரு பக்கத்து உறவினரும் பிரிந்து, காலப்போக்கில் வெவ்வேறு இனங்களாகிவிடுகிறார்கள். இந்த உயிர்களுக்கு விலாசம் மிக முக்கியம்.

ஆனால் தொடக்க கால அறிஞர்கள் விலாசம் தேடிப் போகவில்லை, போகவும் வழியில்லை. இத்தாலியின் போர்டிச்சியில் வேலை செய்த ஃபிலிப்போ சில்வெஸ்ட்ரி 1910-இல் டாஸ்மேனியாவின் ஒரு சிறு மரவட்டைக்கு அஸ்ஃபாலிடெஸ்மஸ் லியே என்று பெயரிட்டார். அப்போது டாஸ்மேனிய அரசின் பூச்சியியலாளராக இருந்த ஆர்தர் லீயின் பெயர் அதில் நிலைத்தது. 1920-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த ரால்ஃப் சேம்பர்லின் ஆஸ்திரேலியப் பகுதியின் பலகாலிகள் பற்றிய பெருநூலில் டாஸ்மேனியாவின் சில புதிய பேரினங்களைச் சேர்த்தார். லிஸோடெஸ்மஸ், டாஸ்மனோடெஸ்மஸ் இரண்டும் அப்போது வந்தவை. 1936-இல் ஜெர்மானியரான கார்ல் வெர்ஹோஃப் டாஸ்மேனியோசோமா என்ற பேரினத்தை நிறுவினார். ஆர்வலர் ஒருவர் சாராயப் புட்டியில் போட்டு அனுப்பிய ஒன்றிரண்டு மாதிரிகளைக் கடல்கடந்து இருப்பவர் நுண்நோக்கியில் பார்த்து எழுதுவது அன்றைய வழக்கம்.

பார்த்து எழுதுவதும் எளிய வேலை அல்ல. தட்டையான முதுகுள்ள மரவட்டைகளை நிறத்தையோ நீளத்தையோ வைத்துப் பிரித்துவிட முடியாது. வளர்ந்த ஆணின் ஏழாவது வளையத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அங்கே எட்டாவது இணைக் கால்கள் நடப்பதற்கான உருவத்தை இழந்து, இனச்சேர்க்கைக்கான உறுப்பாக மாறியிருக்கும். கொக்கி, கிளை, முள், மடிப்பு என்று அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். அதை மெல்லக் கழற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒவ்வொரு வளைவையும் படமாக வரைய வேண்டும். கையில் கிடைத்தது பெண்ணோ குஞ்சோ என்றால் பெரும்பாலும் பெயர் சொல்ல முடியாது. புதிய இனம் என்று உறுதியானதும் ஒரு மாதிரியை ஆதார மாதிரியாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். பின்னாளில் சந்தேகம் வந்தால் எல்லோரும் திரும்பிப் போவது அந்த ஒற்றை உடலிடம்தான்.

இன்னும் சிறியவற்றின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1866-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், தன் ஹை எல்ம்ஸ் மாளிகையின் காய்கறித் தோட்டத்தில் ஜான் லப்பக் ஒரு வெண்ணிற உயிரைக் கண்டார். வங்கி உரிமையாளரான லப்பக், சார்லஸ் டார்வினின் அண்டை வீட்டுக்காரர். 1871-இல் பிரிட்டனில் வங்கி விடுமுறைச் சட்டம் வரக் காரணமானவரும் இவரே. அவர் கண்ட உயிர் ஒரு கசகசா விதை அளவே இருந்தது. கண் இல்லை, உணர்கொம்புகள் கிளைவிட்டிருந்தன, ஒன்பது இணைக் கால்களால் சுறுசுறுப்பாக ஓடியது. மரவட்டையிலும் பூரானிலும் சேராத அதற்கு அவர் பாரோபஸ் என்று பெயரிட்டு, முதல் இனத்தின் பெயரில் நண்பர் ஹக்ஸ்லியை நிறுத்தினார்.

இத்தனை சிறிய உயிரை மண்ணிலிருந்து எப்படிப் பிரிப்பது? 1905-இல் இத்தாலியின் அந்தோனியோ பெர்லேசே வெந்நீர் சூழ்ந்த ஒரு புனலை வடிவமைத்தார். 1918-இல் சுவீடனின் ஆல்பர்ட் டுல்கிரென் வெந்நீருக்குப் பதிலாக மேலே மின்விளக்கைத் தொங்கவிட்டார். சல்லடையில் பரப்பிய சருகு மேலிருந்து காயத் தொடங்கும். ஈரம் தேடும் உயிர்கள் கீழே கீழே இறங்கி, புனலின் வாய் வழியே சாராயப் புட்டியில் விழும். நூறாண்டு கடந்தும் மண்ணுயிர் ஆய்வுக்கூடங்களில் அதே புனல் வேலை செய்கிறது.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் டீக்ஸ் ஆஸ்திரேலிய மண்ணுயிர்களையே வைத்து இந்த வம்சங்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். 1940-இல் சிம்பைலாவைப் பற்றியும் 1947-இல் பாரோபஸ் சில்வாட்டிகஸ் என்ற இனத்தைப் பற்றியும் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வுரைகள் அந்தத் துறையின் அடித்தளம். கண்ணுக்குத் தெரியாத முட்டையை மெழுகில் பதித்து, சீவல் சீவலாக வெட்டி, வரிசையாகப் பார்த்து அடுக்கிய உழைப்பு அது. பாரோபஸ் மூன்று இணைக் கால்களுடன் வாழ்வைத் தொடங்கி, ஒவ்வொரு தோலுரிப்பிலும் கால்களைக் கூட்டிக்கொள்கிறது.

இனங்களுக்குப் பெயர் சூட்டும் பக்கத்தில் சுவீடனின் உல்ஃப் ஷெல்லர் தனித்து நிற்கிறார். 1962-இல் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இலங்கையில் திரட்டிவந்தவற்றிலிருந்து 1970-இல் அவர் இலங்கையின் பாரோபோடுகளை விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு இலங்கை, தீபகற்ப இந்தியாவின் சிம்பைலாக்களையும் எழுதினார். பின்னர் ஆஸ்திரேலியா உட்பட உலகின் பல மூலைகளிலிருந்து மண் வடித்த புட்டிகள் அவரைத் தேடிப் போயின. அந்த உடல்களில் மயிரின் நீளத்தையும் அதன் நுனியின் வடிவத்தையும் வைத்து இனம் பிரிப்பவர்கள் உலகிலேயே ஒரு சிலர்தான்.

1980-களில் டாஸ்மேனியாவின் காடுகள் பெரும் அரசியல் போராட்டமாயின. 1982-இல் மேற்குப் பகுதியின் காட்டுநிலம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1983-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத் தீர்ப்பால் அங்கே வரவிருந்த ஃபிராங்க்ளின் அணைத் திட்டம் நின்றது. மழைக்காட்டைக் காக்க வேண்டும் என்றால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்ற உணர்வு பரவிய காலம் அது. மத்திய அரசின் மழைக்காட்டுப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் டாஸ்மேனிய மழைக்காடுகளின் முதுகெலும்பற்ற உயிர்கள் கணக்கெடுக்கப்பட்டு, 1993-இல் அறிக்கை வெளிவந்தது.

இதற்குள் அருங்காட்சியக மேசையிலிருந்து காட்டுக்குள் இறங்கும் பழக்கமும் வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் மரவட்டை அறிஞர் யேக்கெல் 1980-இல் மனைவியுடன் ஆஸ்திரேலியாவைச் சுற்றித் தாமே மாதிரி திரட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் டாஸ்மேனிய மரவட்டைகளை ஒழுங்காக வகைப்படுத்தும் கட்டுரைகள் அவரிடமிருந்து வந்தன. காஸ்டரோகிராமா என்ற பேரினம் 1982-இல் அப்படிப் பிறந்தது.

ஆனாலும் வந்துபோகிறவர் பார்ப்பது ஒன்று, அங்கேயே குடியிருப்பவர் பார்ப்பது வேறு. அமெரிக்காவிலிருந்து 1970-களில் டாஸ்மேனியாவில் குடியேறிய ராபர்ட் மெசிபோவ் அந்த வேறுபாட்டை உலகுக்குக் காட்டினார். லான்செஸ்டன் நகரின் குயின் விக்டோரியா அருங்காட்சியகத்தில் அவர் வகித்தது மதிப்புறு ஆய்வாளர் பதவி. வசித்தது தீவின் வடமேற்குக் கடற்கரையில். கட்டையைப் புரட்டுவது, பட்டையை உரிப்பது, சருகைக் கையால் கிளறுவது, இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போடுவது என்பதே வேலைமுறை. புட்டிக்குள் போகும் சீட்டைப் பென்சிலாலோ சாராயத்தில் கரையாத மையாலோ எழுத வேண்டும். சீட்டு அழிந்தால் மாதிரியின் மதிப்பும் போய்விடும்.

அந்தச் சீட்டில் அவர் எழுதியதுதான் பெரிய மாற்றம். முன்பு தீவின் பெயரோ பக்கத்து ஊரின் பெயரோ இருந்த இடத்தில், வரைபடத்தில் குத்திக் காட்டக்கூடிய அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்தன. ஒரே இடத்தில் நிறையத் திரட்டுவதற்குப் பதிலாக, சில கிலோமீட்டருக்கு ஓரிடம் என்று தீவு முழுவதும் தேடினார். இந்த உழைப்பின் பலனாக 2005-ஆம் ஆண்டுக்கான இதழில் வெளியான ஆய்வில் லிஸோடெஸ்மஸும் அதன் உறவினரும் சேர்த்து 24 புதிய இனங்கள் வெளிப்பட்டன. 2010-இல் டாஸ்மேனியோசோமாவில் மட்டும் 18 புதிய இனங்கள் சேர்ந்தன. அவர் பெயரிட்ட மரவட்டைகள் மொத்தம் 100-க்கும் மேல். உறுப்புகளைப் படமெடுக்க ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்நோக்கி உதவியது. கட்டுரைகளில் பல யாரும் கட்டணமின்றிப் படிக்கும் ஆய்விதழில் வந்தன.

2011-இல் வந்தது இவற்றில் மிக வியப்பான முடிவு. வடமேற்கு டாஸ்மேனியாவில் டாஸ்மேனியோசோமா கம்பிட்டாலே, டாஸ்மேனியோசோமா ஹிக்மனோரம் என்ற இரு நெருங்கிய உறவினங்கள் அடுத்தடுத்த நிலங்களில் வாழ்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையை மெசிபோவ் இடம் இடமாகத் தேடிப் பின்தொடர்ந்தார். அது ஏறக்குறைய 230 கிலோமீட்டர் நீண்டது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம்வரை ஏறி, மறுபடி இறங்கியது. நன்கு தேடிப் பார்த்த இடங்களில் எல்லையின் அகலம் சுமார் 100 மீட்டர்தான். பாறையின் வகை, காட்டின் வகை, மழையளவு எதுவும் அந்தக் கோட்டோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. வேலியும் இல்லாமல் ஆறும் இல்லாமல் இரண்டு மரவட்டை இனங்கள் தத்தம் பக்கத்தில் நிற்கின்றன.

பழைய முறையில் இந்த எல்லை ஒருநாளும் தெரிந்திருக்காது. தீவின் பெயர் மட்டும் ஒட்டிய இரண்டு புட்டிகள் லண்டனிலோ ஹார்வர்டிலோ அடுத்தடுத்து நின்றிருந்தால், அவை இரண்டு இனங்கள் என்பது தெரிந்திருக்கும். ஆயிரம் வளைவுகளோடு ஓடும் கோடு தெரிந்திருக்காது. ஓரினத்தை விவரிப்பதில் பாதி வேலை உடலைப் பற்றியது என்றால், மறுபாதி அது கிடைத்த நிலத்தைப் பற்றியது.

நிலத்தைப் பற்றிய அந்த மறுபாதி இன்னும் தொலைவுக்கும் அழைத்துச் செல்கிறது. லிஸோடெஸ்மஸும் டாஸ்மேனியோசோமாவும் சேரும் டாலோடெஸ்மிடே குடும்பத்து மரவட்டைகள் சிலியிலும் நியூசிலாந்திலும் மடகாஸ்கரிலும் உண்டு. கோண்டுவானா என்ற பழங்கண்டம் உடைந்து விலகியதன் சுவடு இந்தப் பரவலில் தெரிகிறது. போகாக் பெயரிட்ட பூரானைப்போல ஒன்று நியூசிலாந்திலும் வெகுகாலமாக அறியப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே இனம் என்ற கருத்து நிலவியது. கிரெகரி எட்ஜ்கோம்பும் கொன்சாலோ கிரிபெட்டும் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, 2008-இல் நியூசிலாந்தின் பூரானைக் க்ராட்டரோஸ்டிக்மஸ் கிராபில்லி என்று தனியினமாக்கினர். உலகில் அந்த வரிசையே இந்த இரண்டு இனங்களால் ஆனது.

விலாசம் துல்லியமாகத் தெரிந்தால் காப்பதற்கும் வழி பிறக்கிறது. பலகாலிகளின் அண்டை வீட்டுக்காரர்களான மென்னுடல் உயிர்களில், கண்ணற்ற வெல்வெட் புழு ஒன்று வடகிழக்கு டாஸ்மேனியாவில் மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழ்கிறது. மெசிபோவும் உடனுழைத்தோரும் 1991-இல் அதற்கு டாஸ்மேனிபேட்டஸ் அனாஃப்தால்மஸ் என்று பெயரிட்டனர். அது மாநிலத்தின் அருகிவரும் இனங்கள் பட்டியலில் உள்ளது. எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அங்கே மரம் வெட்டும் திட்டத்தில் அதற்கும் இடம் கேட்க முடிகிறது. காட்டுக்கு ஆபத்து மரவெட்டால் மட்டும் வருவதில்லை. 2016 ஜனவரியில் வறண்ட இடிமின்னல் மூட்டிய தீ டாஸ்மேனியாவின் மேட்டுநிலங்களையும் வடமேற்கையும் எரித்தது. அதுவரை தீ அறியாத பழமையான மரங்களும் அதில் கருகின.

இதுவரை உலகில் சுமார் 12,000 மரவட்டை இனங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஹாஃப்மன் 1980-இல் மொத்தம் 80,000 இருக்கலாம் என்று மதிப்பிட்டார். பாரோபோடுகளில் பெயர் பெற்றவை ஆயிரத்தை ஒட்டியே நிற்கின்றன. டாஸ்மேனியாவின் வடமேற்கில் அந்த 230 கிலோமீட்டர் கோடு ஏன் அங்கே ஓடுகிறது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு மாதிரியும் எந்த இடத்தில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்ற பதிவு யாவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. அடுத்து விடை தேடிப் போகிறவர் எந்த மேட்டிலிருந்து நடக்கத் தொடங்க வேண்டும் என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடும்.