உடையாத சிறு மூளை அனியூரிசம்: இரத்தக்குழாய் வழிச் சிகிச்சை

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து பை போலப் புடைத்திருப்பதே மூளை அனியூரிசம். பெரியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இராது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். 7 மி.மீ.க்குக் குறைந்தவை பொதுவாகச் சிறியவையாகக் கொள்ளப்படுகின்றன. உடைந்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போடும் அறுவைச் சிகிச்சையை 1937-இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி தொடங்கிவைத்தார். தலையைத் திறக்காமலே அங்கு சென்றடையும் வழியை 1970-களில் மாஸ்கோவின் ஃபியோதர் செர்பினென்கோ, கழற்றிவிடக்கூடிய பலூன்களால் காட்டினார். ஆனால் பலூன், புடைப்பின் ஒழுங்கற்ற வடிவத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் குய்டோ குலியெல்மி உருவாக்கிய பிளாட்டினச் சுருள் இக்குறையைத் தீர்த்தது. அதன் முதல் நோயாளிக்கு 1990-இல் சிகிச்சை நடந்தது.

சுருள் வைக்க, தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி கழுத்துத் தமனிவரை கொண்டுபோவார்கள். அதனுள்ளிருந்து மெல்லிய நுண்கதீட்டர் ஒன்று புடைப்புக்குள் நுழையும். தலைமுடியைவிடச் சற்றே தடித்த பிளாட்டினக் கம்பி அதன் வழியே இறங்கிச் சுருண்டுகொள்ளும். சரியாக அமையவில்லையென்றால் திரும்ப இழுத்துவிடலாம். இம்முறையின் பெரும்பலமே அதுதான். அமைந்தபின் சிறு மின்னோட்டம் பாய்ச்சினால் சுருளைத் தள்ளிய கம்பியுடனான இணைப்பு கரைந்து சுருள் தனியே நிற்கும். சுருள்களைச் சுற்றி இரத்தம் உறைந்து பை அடைபடும்.

கழுத்து அகன்ற புடைப்பில் சுருள் வெளியே நழுவாதிருக்கத் தமனியில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைப்பதுண்டு. நெருக்கமான வலைப்பின்னல் கொண்ட 'பைப்லைன்' குழாய் (அமெரிக்க அனுமதி 2011) பைக்குள் பாயும் இரத்தத்தையே திசைதிருப்புகிறது. பை அடைபடச் சில மாதங்கள் ஆகும். ஸ்டென்ட், பைப்லைன் இரண்டுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் அவசியம்.

செய்முறையைவிடக் கடினமானது, செய்யவேண்டுமா என்ற முடிவு. 2003-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பு இரத்தக்கசிவு இல்லாதவர்களிடம், மூளையின் முன்பக்கச் சுற்றோட்டத்தில் இருந்த 7 மி.மீ.க்குக் குறைந்த புடைப்புகள் 5 ஆண்டுகளில் ஒன்றும் உடையவில்லை, பின்பக்கத்தில் 2.5% உடைந்தன. சிகிச்சையிலும் பக்கவாத ஆபத்து உண்டு. 3 மி.மீ.க்கும் சிறிய பையில் கதீட்டர் முனையே சுவரைக் கிழித்துவிடக்கூடும். சிகிச்சையையும் கண்காணிப்பையும் நேரடியாக ஒப்பிடத் தொடங்கிய 'டீம்' ஆய்வு, போதிய நோயாளிகள் சேராமல் 2009-இல் நின்றுபோனது. எனவே அளவு ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியல்ல. இடம், வடிவம், வயது, இரத்த அழுத்தம், குடும்ப வரலாறு எல்லாம் கணக்கில் வரும்.

கண்காணிப்பைத் தேர்ந்தவர்களுக்குக் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுப்பதோடு, புகைப்பிடிப்பதை நிறுத்துவதும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் சிகிச்சையின் பகுதிகளே. சுருள் வைத்தவர்களுக்கும் தொடர் ஸ்கேன் தேவை. சுருள் அமுங்கினால் புடைப்பு மீண்டும் திறக்கலாம்.