ரோஜாவுக்குப் பூசிய தூரிகை

நம்ம பேரிகை, பாகலூர் பசுமைக்குடில் ரோஜாவை செல்போனில் கிட்டப் போய்ப் படமெடுத்து, ஒரு ஃபில்டரைத் தட்டினால் வாட்டர்கலர் ஓவியம் ரெடி! கம்ப்யூட்டர் யுகத்துப் புதுமை என்று நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இந்தப் பழங்கதையைச் சொல்கிறேன்.

புகைப்படத்தை ஓவியமாக்கும் ஆசை 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதன் கடைசியில் ஐரோப்பாவில் 'பிக்டோரியலிஸ்டுகள்' என்றொரு கூட்டம் கிளம்பியது. படம் கலையாகணும்னா ஓவியம் போல இருக்கணும் என்பது அவர்கள் கட்சி. மங்கலான லென்ஸ் போட்டார்கள். அச்சைத் தூரிகையால் தேய்த்தார்கள். நம்மூர் ஸ்டூடியோக்களும் சும்மா இருக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையாலேயே வண்ணம் பூசினார்கள்.

இதற்கு நேர்மாறானவர் ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். 1928-ல் வந்த அவருடைய புத்தகத்தில் மொட்டும் தளிரும் பல மடங்கு பெரிதாக, ஒளிவுமறைவில்லாமல் நிற்கும். எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. 2016-ல் வந்த பிரிஸ்மா, ஓவிய ஃபில்டரை செல்போனிலேயே பிரபலமாக்கியது.

தூரிகை ஃபில்டர் செய்வது என்ன? அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து பட்டையாக்குகிறது. இதழ் நரம்பு, மகரந்தத் தூள் எல்லாம் போச்சு! அப்புறம் கிட்டப் போனதுதான் எதற்கு? போதாக்குறைக்கு அசலையும் அழித்துவிடுகிறார்கள். இதழோரக் கீறலைப் பார்த்தே 'இலைப்பேன் வந்திருக்கு' என்று சொல்லிவிடும் நம்மூர் ரோஜா விவசாயிக்கு, அந்த ஓவியத்தில் பார்க்க ஒன்றுமே இருக்காது.