அந்தப் பெருக்கல் குறி

 

1973 ஜூன். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். ரெல்ஃப் என்ற ஏழைக் கறுப்பினக் குடும்பம். அரசு நிதியில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு மையம் ஒன்று அந்த வீட்டுச் சிறுமிகளுக்குக் கருத்தடை ஊசி போட்டுவந்தது. ஒருநாள் தாயிடம் ஒரு தாளை நீட்டினார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழக்கமான ஊசிக்குத்தான் என்று நம்பி, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். 14 வயது மின்னி லீ, 12 வயது மேரி ஆலிஸ் இருவருக்கும் நிரந்தரக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். மூத்தவள் அறைக்குள் தாழிட்டுக்கொண்டதால் தப்பினாள்.

இது புதிதல்ல. வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமருக்கே 1961இல் மிசிசிப்பியில், கட்டியை எடுக்கப் போன இடத்தில், கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். ரெல்ஃப் குடும்பம் வழக்குப் போட்டது. மத்திய அரசுப் பணத்தில் ஆண்டுக்கு 1,00,000 முதல் 1,50,000 ஏழைகளுக்குக் கருத்தடை நடந்திருப்பதாக 1974 தீர்ப்பு சொன்னது. உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டிச் சம்மதம் வாங்கியதும் அதில் வெளிவந்தது.

அதே நாட்டில், 1960கள் வரை, வசதியுள்ள வெள்ளைப் பெண் இனிப் பிள்ளை வேண்டாம் என்று போனால் மருத்துவமனை கணக்குப் போடும். வயதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 120 வர வேண்டும். 30 வயதில் நான்கு பிள்ளை என்றால் சரி, மூன்று என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். (இங்கேயும் ஒரு பெருக்கல் குறி!)

ஒரு சாரார் கதவைத் திறக்கச் சொன்னார்கள், மறு சாரார் பூட்டு கேட்டார்கள். சம்மதித்த பிறகு 30 நாள் பொறுக்க வேண்டும் என்று விதி கேட்டபோது, கருக்கலைப்பு உரிமைக்குப் போராடிய சில அமைப்புகளே எதிர்த்தன. பெண் விரும்பினால் தடை எதற்கு என்றார்கள். நல்ல கேள்விதான். ஆனால் மான்ட்கோமரித் தாயை நினைக்காதவர்களின் கேள்வி. 1994இல் சிகாகோவில் 12 கறுப்பினப் பெண்கள் கூடி ‘இனப்பெருக்க நீதி’ என்ற சொல்லை உருவாக்கியது இதனால்தான். பிள்ளை வேண்டாம் என்பதும், வேண்டும் என்பதும், பெற்றதை நல்லபடி வளர்ப்பதும் சேர்ந்ததுதான் உரிமை என்றார்கள்.

30 நாள் விதி அதற்கு முன்பே, 1978இல் வந்துவிட்டது. வயது 21 ஆக வேண்டும், புரியும் மொழியில் வாயால் விளக்க வேண்டும் என்றும் அதில் உண்டு.

அதைப் படித்தபோது என் பள்ளி மேசையிலிருந்த மை டப்பா நினைவுக்கு வந்தது. எத்தனையோ தாய்மாரின் பெருவிரலைப் பிடித்துப் படிவத்தில் அழுத்தியிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.