புட்டிங் என்னும் பிரதி: சில குறிப்புகள்

கிறிஸ்துமஸ் புட்டிங்கை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் தாராபுரத்தில் சிரிப்பார்கள். இங்கே டிசம்பர் 25 என்றால் அதிரசம், முறுக்கு, மதியம் பிரியாணி, பேக்கரியிலிருந்து ஒரு கேக்கு. துணியில் கட்டி மணிக்கணக்காக வேகவைக்கிற அந்தக் கறுப்பு உருண்டையைப் பலரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் சமையல் குறிப்புக்குள் நாம் இருக்கிறோம்.

1926இல் லண்டனில் பேரரசுச் சந்தை வாரியம் அமைக்கப்பட்டது. காலனிகளின் சரக்கைப் பிரிட்டிஷ் குடும்பங்களை வாங்கவைப்பதுதான் அதன் வேலை. மறுவருஷம் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனைச் சமையல்காரர் தந்த புட்டிங் குறிப்பை வாரியம் அச்சிட்டுப் பரப்பியது. ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே ஒரு நாடு: உலர்திராட்சைக்கு ஆஸ்திரேலியா, கிராம்புக்குச் சான்சிபார், ரம்முக்கு ஜமைக்கா, மசாலாவுக்கு இந்தியா. அதுவரை வீட்டுக்கு வீடு கைப்பக்குவத்தில் மாறிவந்த பண்டம் இது. திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறு வீட்டிலுள்ள எல்லோரும் ஆளுக்கொரு தடவை கிண்டுவார்கள். உள்ளே வெள்ளிக்காசு போடுவதும் உண்டு. அந்த அடுப்படி மரபைப் பேரரசின் வரைபடமாக்கிவிட்டார்கள்.

வரைபடத்தில் நாட்டின் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. சர்க்கரைக்கு நேரே மேற்கிந்தியத் தீவுகள், பிரிட்டிஷ் கயானா. 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் சென்னையிலிருந்து போன தமிழர்களும் உண்டு. புட்டிங்கைக் கட்டுகிற காலிகோ துணிக்குப் பெயர் தந்ததே கோழிக்கோடுதான். இன்று தாராபுரத்திலிருந்து விடியக்காலையில் வேன் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் மேற்கின் கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சட்டைகளை மாதக்கணக்கில் முன்னாலேயே தைத்து முடிக்கிறார்கள். அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டியிலும் நாட்டின் பெயர் மட்டும்தான்.

சரி, புட்டிங் ஏன் இங்கே ஒட்டவில்லை? விலை, பழக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் குறிப்பில் இன்னொரு சாமான் இருக்கிறது: மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. மரபான புட்டிங்குக்கு அதுதான் உயிர். காங்கேயம் காளையைக் கொண்டாடுகிற பூமி இது. செத்த மாட்டைத் தூக்குகிறவன் மட்டும் தீண்டத்தகாதவன். மாட்டுக்கறி தின்கிறவன் என்பது இங்கே வசை. அந்த வசையிலிருந்து வெளியேறத்தான் எத்தனையோ பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். துரை வீட்டு மேசையில் நாகரிகமாக இருந்த கொழுப்பு, சேரியில் இழிவு. மதம் மாறியும் சாதியை விடாதவர்கள் அந்தப் பண்டத்தை எப்படி வாயில் வைப்பார்கள்?

அரசர் புட்டிங் பிரபலமான அதே 1927இன் கிறிஸ்துமஸ் நாளில்தான், பம்பாய் மாகாணத்து மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அவ்வருஷம் மார்ச்சில் அதே ஊர்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காக அடிவாங்கியவர்கள். ஒரு பக்கம் உலகத்தையே ஒரு பாத்திரத்தில் கலக்குகிறார்கள். இன்னொரு பக்கம் ஒரு வாய்த் தண்ணீருக்குப் போர்.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. இலங்கைக் கிறிஸ்துமஸ் கேக்கில் ரவை, முந்திரி, பாகில் ஊறிய பூசணி எல்லாம் சேரும். கொழுப்புக்குப் பதில் வெண்ணெய். எஜமானனின் பண்டத்தைக் குடிமக்கள் தங்கள் கைக்கேற்பத் திருத்தி எழுதிய பிரதி அது. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.