திடலும் வளவும்: கொள்ளைநோய்க் காலப் பெருநாளைப் பாலமுனைக் கரையிலிருந்து நோக்குதல்

2020 மே 24 ஆம் திகதி நோன்புப் பெருநாள் வந்தபோது இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. அடுத்த ஆண்டு அதே பெருநாள் மே 14 இல் வந்தது. அதற்கு முந்திய இரவு 11 மணிக்கே நாடளாவிய பயணத்தடை தொடங்கிவிட்டது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையோர முஸ்லிம் ஊர்களில் இரண்டு பெருநாள்களும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. முதலாவது அடைப்பை நான் குறைகூறவில்லை. நோய் எவ்வாறு பரவுகிறது என்பது தெளிவாகாத நாள்கள் அவை. இரண்டாவதன்போது ஓராண்டு அனுபவமும் ஆய்வும் கையில் இருந்தன. ஆயினும் அரசும் சமூகத் தலைமைகளும் ஒரே கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தன: பள்ளிவாசலைத் திறப்பதா, மூடுவதா? எந்த இடத்தில், எந்த உருவில் பெருநாளை எடுப்பது என்ற கேள்வி எழவேயில்லை. அதற்கான விடை மார்க்க மரபிலும் ஊரின் குடியிருப்பு முறையிலும் ஏற்கெனவே இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரபிலிருந்து தொடங்கலாம். நபி (ஸல்) அவர்கள் இரு பெருநாள் தொழுகைகளையும் மதீனாவின் பள்ளிவாசலை விட்டு வெளியே திடலில் நடத்தினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளால் உறுதிப்பட்ட செய்தி. பெண்களும், தொழுகை கடமையில்லாத நிலையில் இருந்தவர்கள் உட்பட, திடலுக்கு அழைக்கப்பட்டதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். போன வழியால் திரும்பாமல் வேறு வழியால் திரும்பும் வழக்கத்தை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த வழக்கத்துக்கு அறிஞர்கள் பல காரணங்கள் கூறியுள்ளனர். நோய்த்தடுப்பு அவற்றுள் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வருவோரும் போவோரும் ஒரே வாசலில் நெருக்குப்படாத ஏற்பாடு ஒரு சுன்னத்தாகவே நம்மிடம் இருக்க, சுகாதார அதிகாரிகள் அதைப் புதிய விதியாக எழுதிக்கொண்டு வரவேண்டிய தேவை இருந்திருக்காது.

கிழக்குக் கரையில் வழங்குவது ஷாபிஈ மத்ஹப். பள்ளிவாசல் விசாலமாக இருந்தால் அங்கேயே தொழுவது சிறந்தது, இடம் போதாவிட்டால் திடலுக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. நமது ஊர்களில் கடற்கரைத் திடல் தொழுகை பல ஆண்டுகளாக இயக்கச் சர்ச்சையாகிவிட்டது. ஜும்ஆப் பள்ளியில் தொழுவோர் ஒருபுறம், திடலுக்குப் போவோர் மறுபுறம் என்று பெருநாள் காலையே பிளவுபட்டது. கொள்ளைநோய் இந்தச் சர்ச்சையின் அடித்தளத்தையே மாற்றியது. தோளோடு தோள் நிற்கும் சப்பில் ஒருவருக்கு 0.6 மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் நீளமும் போதும் என்று கொள்வோம். எல்லாப் பக்கமும் ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் அவருக்கு 1.6 க்கு 2.2 மீற்றர் வேண்டும். பள்ளிவாசலின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் எந்த ஊரின் பெரிய பள்ளியும் இடம் போதாத பள்ளிதான். ஷாபிஈ மத்ஹபின் நிபந்தனையே நம்மைத் திடலுக்கு அனுப்புகிறது. இயக்கச் சார்பு எதுவும் அதற்குத் தேவையில்லை. அதே கணக்கில் 100 மீற்றர் நீளமும் 60 மீற்றர் அகலமும் உள்ள மைதானத்தில் ஏறத்தாழ 1,700 பேர் தொழலாம்.

ஷாபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும், குத்பா முன்னால் வரவேண்டும். பெருநாள் தொழுகைக்கோ எண்ணிக்கை நிபந்தனை இல்லை. தனித்தும் தொழலாம். இரண்டு ரக்அத், பாங்கும் இகாமத்தும் இல்லை. குத்பா தொழுகைக்குப் பின்னர் வருவதால், இருந்து கேட்பது சுன்னத்தே தவிர நிபந்தனை அல்ல. ஆகவே ஒரே பெருங்கூட்டத்தைப் பல சிறு ஜமாஅத்துகளாகப் பிரிப்பதும் நேரத்தைச் சுருக்குவதும் பிக்ஹின் பார்வையில் எளிது. கொள்ளைநோய்க் காலத்தில் கலைந்து செல்வதற்கும் முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 18 இல் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அபூ உபைதா, முஆத் (ரலி) ஆகியோரின் மறைவுக்குப் பின் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பாங்கான இடங்களுக்குப் பிரிந்துபோகச் சொன்னார்கள்.

அறிவியல் தரப்பும் இதே திசையில்தான் போகிறது. 2020 ஏப்ரலிலேயே உலக சுகாதார நிறுவனம் ரமழானுக்கென வெளியிட்ட வழிகாட்டலில், கூடவேண்டியிருப்பின் வெளியிடத்தைத் தெரிவுசெய்யுமாறு கூறியது. அவ்வாண்டின் இறுதியில் ‘ஜேர்னல் ஒஃப் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த மீளாய்வு, அது ஆராய்ந்த ஆய்வுகளின்படி பத்து வீதத்துக்கும் குறைவான தொற்றுகளே வெளியிடங்களில் நிகழ்ந்தன என்றது. உள்ளிடத்தில் அபாயம் ஏறத்தாழ 18 மடங்கு என்று அதில் எடுத்துக்காட்டப்படும் எண், ஜப்பானில் 110 நோயாளரை மட்டும் வைத்துக் கணிக்கப்பட்டது. அந்த எண்ணை அப்படியே நம் கரைக்குப் பொருத்தக்கூடாது. திசையில் மட்டும் ஐயமில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பகுதிப் பாடகர் குழுவொன்று மூடிய மண்டபத்தில் இரண்டரை மணிநேரம் ஒத்திகை செய்தது. வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றனர் அல்லது நோயுற்றிருக்கலாம் என்று கணிக்கப்பட்டனர், இருவர் இறந்தனர். உரத்த குரல் நுண்துளிகளை மிகுதியாக வெளியிடுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒருமித்துத் தக்பீர் முழங்கும் வழிபாடு சுவர்களுக்குள் நடப்பதற்கும் கடல்காற்றில் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

வெளியிடம் என்பதே காப்பு என்று யாரும் மயங்கவேண்டாம். 2021 ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளா திறந்த ஆற்றங்கரையில்தான் நடந்தது. நீராடும் இடத்தைவிட அங்கு போய்ச்சேரும் ரயிலும், தங்கும் கூடாரமும், நெரிசலும் ஆபத்தானவை. அதே மாதம் இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் எழுந்த மூன்றாவது அலையைச் சுகாதாரத் துறை புத்தாண்டுக் கொத்தணி என்றே கணக்கிட்டது. நமது பெருநாளிலும் ஆபத்து தொழுகையில் குறைவு, அதைச் சூழ்ந்தவற்றிலேயே மிகுதி: ரமழானின் இருபத்தேழாம் இரவுக்குப் பிந்திய இரவுகளில் நிரம்பி வழியும் புடவைக்கடைகள், தொழுகை முடிந்ததும் நடக்கும் முஸாபஹா (கைலாகு), முஆனகா (தழுவல்), ஒரு சகன் தட்டைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து உண்ணும் விருந்து, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சிக்கு நிற்கும் வரிசை. சகன் நமது அழகான மரபு. அதை ஒரு பருவத்துக்கு ஒதுக்கிவைத்துப் பொதி சோறாக அனுப்புவதால் மரபு அழியாது. இறைச்சியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஏழைகள் வாசலில் காத்துநிற்கும் அவமானமும் அதனால் தீரும்.

வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற கட்டளை எந்த வீட்டை மனத்தில் கொண்டது? தனிக் கதவும் தனிக் குடும்பமும் கொண்ட கொழும்பு மாடிவீட்டை அது கொண்டிருந்தது. கிழக்கின் வீடு அப்படியல்ல. அக்கரைப்பற்றுப் பகுதியை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இங்கு முஸ்லிம்களும் தமிழரும் பெண்வழிக் குடிமரபையும், மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டில் குடியேற்றும் வழக்கத்தையும் பகிர்ந்துகொள்வதை விரிவாகக் காட்டியுள்ளார். விளைவு: உம்மாவின் வளவைப் பிரித்தோ அதை அடுத்தோ மகள்மாரின் வீடுகள். ஒரே கிணறு, வேலியில் ஒரு கடப்பு, நாள் முழுக்க ஓடித்திரியும் பிள்ளைகள். நோய்ப் பரவலின் கணக்கில் இவ்வீடுகள் ஏற்கெனவே ஒரே அலகு. அந்த அலகுக்குள் கதவை அடைத்துக்கொள்வதால் பயன் சிறிது. மூடிய அறையில் பத்துப்பேர் இருப்பது மரத்தடியில் இருப்பதைவிடத் தீங்கானது. ஆகவே வளவையே பெருநாளின் அடிப்படை அலகாகக் கொள்ளவேண்டும். தென்னைமர நிழலில் பாய்விரித்து ஜமாஅத், அங்கேயே ஊஞ்சல், அங்கேயே வட்டிலப்பம். வளவு கடந்து வருபவருக்கு மட்டும் முகக்கவசமும் தூரமும். இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களால் விளக்கவும் முடியும், கண்காணிக்கவும் முடியும்.

திடலும் வளவும் சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்குப் பாலமுனை நல்ல எடுத்துக்காட்டு. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில், மேற்கே வயலும் கிழக்கே கடலும் நெருக்க, நடுவில் ஒடுங்கிய குடியிருப்பு. எல்லாருக்கும் பொதுவான பெரிய வெளி கடற்கரைதான். அது எளிய இடமும் அல்ல. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிகமானோரைப் பலிகொண்டது அம்பாறை மாவட்டத்திலேதான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்தக் கரையில் மக்களை மீண்டும் ஒன்றுகூட்டுவதில் ஒரு மனத்தடை சிலரிடம் இன்றும் உண்டு. அதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

நம்பிக்கை பற்றிப் பேசாமல் இவ்விடயம் நிறைவுறாது. 2020 ஏப்ரல் வர்த்தமானி கொவிட்டால் இறந்தோர் அனைவரையும் எரிக்கக் கட்டளையிட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அக்கட்டளை நீடித்தது. மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம்களின் ஒவ்வொரு கூட்டமும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. இந்நிலையில் அதே அரசு சுகாதாரம் என்று சொல்லித் தொழுகையைத் தடுத்தபோது, அதில் உண்மையான சுகாதாரம் எவ்வளவு என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமை அல்ல. மையித்தைப் பறிகொடுக்க நேருமோ என்று அஞ்சியவர் காய்ச்சலையும் மறைப்பார். சமூகத்தின் சொந்த மரபிலிருந்து எழும் ஏற்பாடு அந்த அச்சத்தைத் தணிக்கும். உலமாக்களும் சுகாதார வைத்திய அதிகாரியும் ஒரே மேசையில் அமர்ந்து திடலை அளந்திருந்தால், பெருநாள் காலை ஊருக்கும் அதிகாரத்துக்கும் இடையில் ஓர் உடன்பாட்டு நாளாகியிருக்கும்.

அடுத்த கொள்ளைநோய் எந்த மாதத்தில் வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. பெருநாள் எந்த மாதத்தில் வரும் என்பதைக் கணிக்கலாம். 2020, 2021 இல் இரு பெருநாள்களும் மே, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்தன. கச்சான் காற்று வீசும் உலர்பருவம், அதிகாலையில் மணல் காய்ந்திருக்கும். 2031 முதல் 2036 வரை நோன்புப் பெருநாள் ஜனவரியிலும் டிசம்பரிலும் நவம்பரிலும் வரும். அது நமது மாரிகாலம். மழை நாளொன்றில் நபியவர்கள் பள்ளியில் தொழுததாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரைப் பலவீனமானதெனக் கூறுவோரும் உளர். மழைக்கால ஏற்பாடு சன்னல் அடைத்த மண்டபமாக இருக்கவேண்டியதில்லை. பக்கச் சுவரற்ற கூரைக்கொட்டகைகள், வளவுதோறும் சிறு ஜமாஅத்துகள், மாறிமாறி வரும் நேர அட்டவணை ஆகிய மூன்றும் போதும். அத்தகைய கொட்டகைகள் எந்தப் பாடசாலை மைதானத்தில், எந்தப் பள்ளிவாசல் வளாகத்தில் அமையும் என்பதை நிருவாக சபைகளும் பிரதேச செயலகமும் இப்போதே தீர்மானிக்கலாம். நிலம் இருக்கிறது, காலமும் இருக்கிறது.