கரும்புகை சொல்லும் கதை



செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் லோரி கரும்புகை கக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். "வண்டிக்கு என்ன பலம்!" என்று நம் மாணவர்கள் வியப்பதுண்டு. அது பலத்தின் அடையாளமன்று. வீணாகும் எண்ணெயின் அடையாளம். இதை உணர, டீசல் இயந்திரம் பிறந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

ருடோல்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிக்கில் பொறியியல் பயின்றபோது, நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குவதை அறிந்தார். காற்றை மட்டும் கடுமையாக அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் என்று எண்ணினார். 1892-இல் காப்புரிமை கோரினார். 1893-இல் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதற் சோதனையில் அழுத்தத்தைக் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. அவர் மனந்தளரவில்லை. 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, அவ்வியந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது.

சிக்கனத்திற்காகப் பிறந்த இயந்திரம் ஏன் புகைகிறது? முன்பு நம் லயங்களில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கை நினைத்துக்கொள்வோம். திரியை மிகுதியாக ஏற்றினால் சிம்னி கறுத்துவிடும். எண்ணெய் கூடியது, காற்றோ போதவில்லை. எரியாத கரி புகையாயிற்று. டீசல் இயந்திரத்திலும் இதே கதைதான். அழுத்திய காற்றினுள் எண்ணெய் தெளிக்கப்படுகிறது. இமைப்பொழுதிற்குள் ஒவ்வொரு துளியும் தனக்குரிய காற்றைச் சேர வேண்டும். மேடேற ஓட்டுநர் மிதிக்கும்போது எண்ணெய் கூடுகிறது. காற்று அதே அளவில் கூடுவதில்லை. காற்று வடிகட்டி அடைபட்டாலும், எண்ணெய் தெளிக்கும் முனை தேய்ந்தாலும் சமதரையிலேயே புகை வரும்.

இக்குறையை நீக்கும் முயற்சியும் நெடியது. டீசல் அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயைத் தூளாக்கித் தெளித்தார். அதற்கான கருவி கனமானது. கப்பலுக்குப் பொருந்தியது, லோரிக்குப் பொருந்தவில்லை. 1927-இல் போஷ் நிறுவனம் சிறிய எண்ணெய்ப் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1997-இல், மின்னணு முறையால் மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கும் அமைப்பு கார்களுக்கு வந்தது. 2000-இல் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும் வந்தது.

டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என 2012-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. லோரி போகும் சாலையோரமாகத்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். ஆகவே, வண்டியைப் பேணுவது உரிமையாளரின் இலாபத்திற்கு மட்டுமன்று. கறுத்த சிம்னியைச் சாம்பலிட்டுத் துடைத்துவிடலாம். பிள்ளையின் நெஞ்சை அப்படித் துடைக்க இயலாதன்றோ?